சாவிக்கொத்துக்கு ஒரு சின்னக் கத்தி

அன்புள்ள தம்பிக்கு,

கூரியரில் ஒரு சின்னப் பொட்டலம் வரும். உன் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ள ஒரு சுவிஸ் மடக்குக் கத்தி வாங்கினேன். பொங்கலுக்கு வந்தபோது கொத்தை டிவி ஸ்டாண்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாய். பைக் சாவி, வீட்டுச் சாவி, அவ்வளவுதான் இருந்தது. முன்பு ஆபீஸ் டிராயர் சாவியும் தொங்கும், நீல நாடாவில் அட்டையும் கூடவே கிடக்கும். கொத்து வெறிச்சென்று இருந்தது. அதனால்தான் வாங்கினேன்.

முதலில் பர்மா பஜாரில் தேடினேன். சிவப்புக் கைப்பிடி, வெள்ளைச் சிலுவை, எல்லாம் அச்சு அசல். கத்திரியை இரண்டு தடவை அமுக்கினேன், மூன்றாம் தடவை ஸ்பிரிங் இளித்துவிட்டது. முப்பது வருஷம் ஃபிட்டர் வேலை பார்த்தவனிடம் விற்கப் பார்க்கிறான். பிறகு பில் போட்டுத் தரும் கடையில் வாங்கினேன். அசலில் கத்தியின் அடிப்பக்கம் விக்டோரினாக்ஸ் என்று பொறித்திருக்கும், பார்த்துக்கொள். 1884-ல் சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்செனர் என்பவர் தொடங்கிய பட்டறை. விக்டோரியா அவருடைய அம்மா பெயர். அம்மா போன பிறகு 1909-ல் அந்தப் பெயரைக் கத்திக்கு வைத்தார்.

கடையில் இடுக்கி வைத்தது ஒன்றும் காட்டினார்கள். எனக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் அது அறுபது கிராமுக்கு மேல். அவ்வளவு கனம் பைக் சாவியில் தொங்கினால் ஆடி ஆடி இக்னிஷன் லாக் தேய்ந்துபோகும். இது 58 மில்லிமீட்டர், இருபது கிராம் சொச்சம். கத்தி, கத்திரி, நகம் ராவும் அரம், முள் எடுக்கும் சாமணம், பல்குத்தும் குச்சி. அரத்தின் நுனியில் சின்ன ஸ்குரூவும் திருகலாம், பெரிய ஸ்குரூவை அதால் நெம்பாதே. கத்திரிதான் நிஜமாக உதவும்: மாத்திரை அட்டை, ஆவின் பாக்கெட், பாப்பா கவுனில் தொங்குகிற நூல்.

அந்த இடுக்கி ரகத்தைப் பெரிதாகக் கொண்டுவந்த லெதர்மேன் என்ற அமெரிக்கரின் கதையைப் போனில் பார்த்தேன். 1975-ல் பழைய ஃபியட் காரில் மனைவியோடு ஐரோப்பா சுற்றியபோது இடுக்கி இல்லாமல் திண்டாடியதில் வந்த யோசனையாம். ஒரு மாதத்தில் செய்துவிடுவேன் என்றவருக்கு மாதிரி தயாராகவே மூன்று வருஷம் பிடித்தது. அதுவரை மனைவி சம்பளத்தில்தான் வீடு ஓடியது. கம்பெனி கம்பெனியாக வேண்டாம் என்றார்கள். விற்க ஆரம்பித்தது 1983-ல். சும்மா, கத்திப் பேச்சில் நினைவு வந்தது.

விமானத்தில் கைப்பையில் வைக்காதே, மீனம்பாக்கத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். ஆபீஸ் வேலையாகப் போவாய் அல்லவா. போனால் பெட்டிக்குள் போட்டுவிடு. பாப்பா கைக்கு எட்டாமல் வை. மூன்று தடவை போன் செய்தேன், மீட்டிங் என்று மெசேஜ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்ன மீட்டிங்? கேட்கவில்லை, விடு. மாடி வீட்டம்மா இன்னும் "உங்க பையன் மாதிரி வருமா" என்றுதான் சொல்கிறார். எனக்கும் பெருமைதான். கைப்பையில் மட்டும் வைக்காதே.

கத்தியை பாக் செய்யும்போது கை நின்றுவிட்டது, தம்பி. அதையும் எழுதிவிடுகிறேன்.

1998-ல் நீ நாலாவது படித்தாய். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஆட்குறைப்பு செய்தார்கள், அதில் நானும் ஒருவன். வீட்டில் சொல்லவில்லை. நாலு மாதம் தினமும் டிபன் பாக்ஸோடு வில்லிவாக்கம் ஸ்டேஷனுக்குப் போவேன். அம்பத்தூர் வண்டிக்கு நிற்காமல் எதிர் பிளாட்பாரத்துக்கு ஏறி இறங்கி, சென்ட்ரல் வண்டி பிடிப்பேன். சீசன் டிக்கெட் அந்தப் பக்கம் செல்லாது, தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும். சென்ட்ரலில் இருந்து நடந்து கன்னிமாரா நூலகம். சாயங்காலம் வரை எல்லாப் பேப்பரும் படிப்பேன், வாண்டட் பக்கம் தவிர. அதைப் பிரித்தால் பக்கத்தில் இருப்பவன் பார்த்துவிடுவானே என்று வெட்கம்.

ஒருநாள் பென்சில் சீவ என் பையில் கத்தி தேடினாய். கத்தியோடு ஒரு டிக்கெட்டும் கையில் வந்தது. "ஏம்ப்பா, ஆபீஸ் அந்தப் பக்கம்தானே?" என்று கேட்டாய். அறைந்தேன். உதடு கிழிந்தது. கத்தியைத் தொட்டதற்காக அடித்தேன் என்று உன் அத்தை இன்று வரை கதை சொல்கிறாள், நானும் தலையாட்டுகிறேன். நீ கத்திக்காக அடி வாங்கவில்லை. அம்மாவிடம்கூடக் கடைசி வரை இதைச் சொல்லவில்லை.

கத்தி புதுசில் இறுக்கமாக இருக்கும், நகம் பெயரும், பார்த்துத் திற. நான் எங்கும் போவதில்லை. சனி, ஞாயிறு என்று இல்லை, புதன்கிழமை பகலில் வந்தாலும் வீட்டில்தான் இருப்பேன். சோறு ஒரு ஆழாக்கு கூடப் போட்டு வைக்கிறேன்.

அப்பா