ஐப்பசி மாலையில் ஒரு கணக்கெடுப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜனவரி பிறந்தால் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ணும் செய்தி நாளிதழ்களில் வருகிறது. 2011-இல் தொடங்கிய நல்ல பணி அது. அதைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் கரிசல் காட்டுக்கு வலசை வரும் பூனைப்பருந்துகள் நினைவுக்கு வருகின்றன. அவற்றை எண்ண ஊருக்கு ஊர் ஆள் இல்லை.

கிளை அஞ்சலகத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். தபால் பையோடு சைக்கிளில் போகும்போது புரட்டாசிக் கடைசியில் இவற்றைப் பார்ப்பேன். உழுது போட்ட புஞ்சைக்கு மேல் ஆள் உயரத்தில், இறக்கையைச் சற்றே தூக்கிப் பிடித்தபடி, வரப்பு வரப்பாகத் துழாவிப் பறக்கும். கோழிக்குஞ்சைத் தூக்க வந்ததென்று கல்லெறிவார்கள். அவை தேடுவதோ வெட்டுக்கிளியை. கசகஸ்தான் புல்வெளிகளிலிருந்தெல்லாம் வருகின்றன என்பது ஓய்வுபெற்ற பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மூன்று ஆண்டுகளாக எண்ணிவருகிறேன். பகலெல்லாம் சிதறித் திரிபவை, பொழுது சாயும்போது ஒரே புல்வெளியில் தரையில் படுக்க வந்துசேரும். ஐந்து மணிக்குக் கண்மாய்க் கரையில் நின்றால் வருவது தெரியும். ஆனால் எண்ணுவது எளிதல்ல. புல்லுக்குள் இறங்கியது மறுபடி எழும், வேறோர் இடத்தில் இறங்கும். இறங்கியதைக் கூட்டி, எழுந்ததைக் கழிக்க வேண்டும். நான் சொல்லச் சொல்லப் பேத்தி நோட்டில் கோடு போடுவாள். உடல் சாம்பல், இறக்கை நுனி கறுப்பு என்றால் ஆண். பழுப்பு உடலில் வாலடி வெளுத்திருந்தால் பெண், அல்லது இளம்பறவை. வெளிச்சம் மங்கியபின் வருபவற்றுக்கு ‘தெரியவில்லை’ என்று தனிக் கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் உள்ளதை ஊகித்து வேறு கட்டத்துக்கு மாற்ற அவளை நான் விடுவதில்லை. ஒரு நாள் பதினேழு வரும், மறுநாள் ஒன்பதுதான் வரும். வந்தது எதுவோ அதையே எழுதுகிறோம்.

காலையில் அவை கிளம்பியபின் புல்லுக்குள் போனால், செரிக்காமல் கக்கிய உருண்டைகள் கட்டைவிரல் நுனியளவில் கிடக்கும். ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தோம். முள் வரிசை உதிராத வெட்டுக்கிளிக் கால்கள், கொஞ்சம் எலி மயிர். மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்த நாள் முதல் எங்கள் ஊரில் மருந்தடிப்பு கூடிவிட்டது. என் நிலத்திலும் அடித்தேன். அந்தக் கால்களை உள்ளங்கையில் வைத்திருந்தபோது அதுதான் மனத்தை அறுத்தது.

என் மூன்று ஆண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு பறவை குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதற்கு நெடுங்காலக் கணக்கு வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹாக் மவுண்டன் என்றொரு மலை. வலசை போகும் பருந்துகளை அங்கே சுட்டுக் குவித்துவந்தார்கள். அதைத் தடுக்க, பறவைகளைக் காக்கப் போராடிவந்த ரோசலி எட்ஜ் அம்மையார் 1934-இல் அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்தார். காவலுக்கு அமர்த்தப்பட்ட மாரிஸ் புரூன் அந்த இலையுதிர்காலமே எண்ணத் தொடங்கினார். 1935 முதல் 1939 வரை அங்கே கண்ட வெண்தலைக் கழுகுகளில் நூற்றுக்கு 40 இளம்பறவைகள். 1955 முதல் 1959 வரை 20 தான். குஞ்சு பொரித்து வளர்வது குறைந்துவிட்டது என்பதே அதன் பொருள். டிடிடி போன்ற பூச்சிமருந்துகளின் கேட்டைப் பற்றி 1962-இல் அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் கார்சன் எழுதியபோது இந்தக் கணக்கு அவருக்குச் சான்றாக நின்றது. 1972-இல் அந்நாடு டிடிடியைத் தடை செய்தது. எண்ணத் தொடங்கிய நாளில் அந்த மருந்தைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாது.

வனத்துறைக்கு என் வேண்டுகோள் இதுதான். ஆண்டுத் தொடக்கத்தில் நடத்தும் பறவைக் கணக்கெடுப்போடு, ஐப்பசியிலும் ஒரு மாலை ஒதுக்குங்கள். தூத்துக்குடி, விருதுநகர், திருநெல்வேலி மாவட்டக் கரிசல் ஊர்களில் ஒரே நேரத்தில் எண்ண வேண்டும். இன்று இங்கே படுத்தது நாளை அடுத்த ஊர்ப் புல்லில் படுக்கலாம் அல்லவா? ஆடு மேய்ப்பவர்களைக் கேளுங்கள், படுக்கும் இடத்தை அவர்கள் காட்டுவார்கள்.

வருவாய்க் கணக்கில் இந்த இடங்களுக்குப் பெயர் ‘தீர்வை ஏற்படாத தரிசு’, அதாவது நிலவரி விதிக்கப்படாத வெற்று நிலம். நாங்கள் முதல் ஆண்டு எண்ணிய புல்வெளியில் பாதி இப்போது கம்பி வேலிக்குள் இருக்கிறது. அங்கே பருந்துகள் படுத்தன என்பதற்குப் பேத்தியின் நோட்டைத் தவிர வேறு பதிவு எதையும் நான் பார்க்கவில்லை. அதை நகலெடுத்து இந்த வாரம் வனத்துறைக்குத் தபாலில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
விளாத்திகுளம் வட்டம்