ஜிபிஎஸ்ஸுக்கு விலையைவிட இடம் முக்கியம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கத்து மாணவர்கள் ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கி வந்து தாங்களே எஃப்பிவி ட்ரோன் கட்டுகிறார்கள். கண்ணில் காகிள்ஸ் மாட்டி, ட்ரோனின் கேமரா அனுப்பும் படத்தைப் பார்த்தே ஓட்டும் சிறு ட்ரோன் அது. 5 அங்குல விசிறி கொண்டது பேட்டரி, கேமராவோடு 600, 700 கிராம் வரும். பறக்கும்போது ரிமோட்டின் தொடர்பு அறுந்தால், அதைக் கிளம்பிய இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது ஜிபிஎஸ். அது வேலை செய்யாவிட்டால் ட்ரோன் இருந்த இடத்திலேயே விழும். நெருக்கமாக வீடுகள் உள்ள வடசென்னையில் கீழே ஆள் இல்லாத இடம் குறைவு. "சாட்டிலைட் பிடிக்கவில்லை" என்று கடையில் போய் நின்றால், இன்னும் விலை கூடிய ஜிபிஎஸ் மாட்யூலைத்தான் கையில் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் மாட்யூலில் குறை இருப்பதில்லை. ஒட்டிய இடம் தப்பாக இருக்கும். இந்தப் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. 1575.42 மெகாஹெர்ட்ஸில் அவை அனுப்பும் சிக்னல் தரைக்கு வந்து சேரும்போது மிக மிக மெலிந்திருக்கும். மாட்யூலின் மேல்புறம் தெரியும் சதுரமான செராமிக் வில்லைதான் அதை வாங்கும் ஆன்டெனா. அது வானத்தைப் பார்த்திருக்க வேண்டும், மேலே எதுவும் மூடக்கூடாது. கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். இரண்டு கார்பன் தகடுகளுக்கு நடுவே மாட்யூலைச் செருகினால் சிக்னல் உள்ளே வராது. பேட்டரிக்கு அடியில் வைப்பதும் அப்படித்தான், லைப்போ பேட்டரியின் உறையிலேயே அலுமினியம் இருக்கிறது. போதாக்குறைக்கு, பேட்டரி பட்டையை இறுக்கும்போது செராமிக் விரிசல் விடும்.

எங்கள் பரிந்துரை வால் பக்கம். மேல் தகட்டின் பின் ஓரத்தில், பேட்டரி முடியும் இடத்துக்கு அப்பால், 3டி பிரிண்டரில் டிபியூ பிளாஸ்டிக்கில் அச்சடித்த தாங்கியில் மாட்யூலை வையுங்கள். பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சடித்தால் முதல் மோதலிலேயே முறியும். 60 டிகிரி வெப்பத்தில் இளகவும் செய்யும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் ட்ரோனை விட்டால் போதும், தாங்கி கோணிவிடும். டிபியூ ரப்பர்போல வளைந்து திரும்பும். தாங்கியைத் தட்டையாக வைக்காமல் 15, 20 டிகிரி பின்பக்கம் சாய்த்து வடிவமைப்பது நல்லது. எஃப்பிவி ட்ரோன் வேகமாகப் போகும்போது மூக்கு கீழே கவிழ்ந்து பறக்கும். தட்டையாக ஒட்டிய ஆன்டெனா அப்போது வானத்தை விட்டு முன்பக்கத்து அடிவானத்தைப் பார்க்கும். பின்சாய்வு கொடுத்திருந்தால் பறக்கையில் அது ஏறக்குறைய நேராகிவிடும். பின் விசிறிகள் சுழலும் வட்டத்துக்குள் தாங்கியோ வயரோ நீட்டக்கூடாது, விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

வாலில் ஏற்கெனவே கேமரா படத்தை அனுப்பும் வீடியோ டிரான்ஸ்மிட்டரின் ஆன்டெனா இருக்குமே என்று கேட்பீர்கள். ஆமாம், அங்கேதான் சிக்கல். அது 5.8 கிகாஹெர்ட்ஸ், அலைவரிசை வேறு. ஆனால் பக்கத்திலேயே பலமாக ஒலிபரப்பினால் ஜிபிஎஸ்ஸின் நுண்ணிய ரிசீவர் திணறும். இரண்டுக்கும் நடுவே 5 செ.மீ.யாவது இடைவெளி விடுங்கள். டிரான்ஸ்மிட்டர் பெட்டியின் மேலேயே மாட்யூலை ஒட்டவே ஒட்டாதீர்கள். மூக்குப் பக்கம் இன்னும் மோசம். அங்கே எஃப்பிவி கேமரா, அதற்கு மேல் ஆக்‌ஷன் கேமரா. பதிவு செய்யும் கேமராவின் உள் மின்சுற்று ஜிபிஎஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கக்கும். தரையில் 18 காட்டிய சாட்டிலைட் எண்ணிக்கை ரெக்கார்டு பொத்தானை அழுத்தியதும் 7க்கு இறங்குவது இதனால்தான்.

இதைப் பறக்கவிடுமுன் சோதிக்கலாம். விசிறிகளைக் கழற்றிவிட்டுத் திறந்த வெளியில் வைத்து, முதலில் யுஎஸ்பி மின்சாரத்தில் மட்டும், ட்ரோனை இயக்கும் பீட்டாஃப்ளைட் மென்பொருளை அமைக்க உதவும் கான்ஃபிகரேட்டரின் ஜிபிஎஸ் பக்கத்தைக் கணினியில் பாருங்கள். ட்ரோனின் மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலர் பலகைகள் சிலவற்றில் யுஎஸ்பியிலிருந்தே ஜிபிஎஸ்ஸுக்கு மின்சாரம் தரும் தனி முனை உண்டு. அங்கே சால்டர் செய்திருந்தால்தான் இது நடக்கும். ஒவ்வொரு செயற்கைக்கோளின் சிக்னல் பலமும் அந்தப் பக்கத்தில் தெரியும். 40க்கு மேல் என்றால் நல்லது, 30க்குக் கீழே என்றால் பலவீனம். பிறகு பேட்டரியைச் செருகி, வீடியோ டிரான்ஸ்மிட்டரையும் கேமரா பதிவையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் எண்கள் சரிகின்றனவோ அதுதான் குற்றவாளி. டிரான்ஸ்மிட்டர் காற்றில்லாமல் சூடேறும். மேசை விசிறியைத் திருப்பி வையுங்கள்.

இடம் மாற்ற வழியே இல்லை என்றால் மட்டும், இரைச்சலைத் தடுக்க செப்புத் தகட்டு டேப்பை மாட்யூலைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி அடியில் வைக்கலாம். டேப்பிலிருந்து ஒரு வயரை கிரவுண்டில் சால்டர் செய்து, மேலே மின்சாரம் கடத்தாத காப்டன் டேப் ஒட்டிவிடுங்கள். செப்பு டேப்பை செராமிக்கின் மேல் ஒட்டினால் கதை முடிந்தது.

காம்பஸ் (திசைகாட்டி) சேர்ந்த மாட்யூலை இவ்வளவு சிறிய ட்ரோனுக்கு வாங்க வேண்டாம். பேட்டரி வயரில் பாயும் மின்னோட்டத்தின் காந்தப்புலமே அதைத் திசைமாற்றிவிடும். அதற்குத் தேவையான தூரம் இந்த ஃப்ரேமில் கிடையாது. வீடு திரும்ப பீட்டாஃப்ளைட்டுக்கு காம்பஸ் கட்டாயம் இல்லை. கிளம்பியதும் சிறிது தூரம் நேராக முன்னே பறந்தால், ஜிபிஎஸ் நகர்வை வைத்தே திசையைத் தெரிந்துகொள்ளும்.

வயரிங் எளிது. 5 வோல்ட், கிரவுண்ட், மாட்யூலின் டிஎக்ஸ் (அனுப்பும் முனை) கன்ட்ரோலரின் ஆர்எக்ஸுக்கு (வாங்கும் முனை), ஆர்எக்ஸ் டிஎக்ஸுக்கு. வயரை பேட்டரி கம்பியோடு சேர்த்துக் கட்டாதீர்கள். கன்ட்ரோலர் முனையில் ஒரு சொட்டு ஹாட் குளூ வைத்தால் மோதலில் பிய்யாது. காசிமேடு முதல் எண்ணூர் வரை கடல்காற்றில் உப்பு அதிகம், சால்டர் மூட்டுகள் பச்சை பூக்கும். மின்பலகையை ஈரத்திலிருந்து காக்கும் கன்ஃபார்மல் கோட்டிங் பூசுங்கள். கனெக்டருக்குள்ளும் ஆன்டெனா மேலும் படக்கூடாது.

பீட்டாஃப்ளைட்டில் புரோட்டோகால் (மாட்யூல் பேசும் மொழி) யுபிளாக்ஸ், தரை உதவிச் சேவையில் இடக்கணிப்பைத் திருத்தித் தரும் நம் நாட்டின் ககன் என்று வையுங்கள். சாட்டிலைட் குறைந்தபட்ச எண்ணிக்கை 8 என்று வந்திருக்கும், அதைக் குறைக்காதீர்கள். ஜிபிஎஸ் பிடிக்காமலே ஆர்ம் செய்ய (மோட்டார்களை இயங்கத் தயாராக்க) அனுமதிக்கும் தேர்வை அவசரத்தில் பலர் போட்டுவிடுகிறார்கள். ஆர்ம் செய்யும் கணத்தில்தான் 'வீடு' எது என்று ட்ரோன் குறித்துக்கொள்ளும். அது பதியாமல் கிளம்பினால், தொடர்பு அறுந்ததும் மோட்டார் நின்று விழும். சந்துகளில் ஆர்ம் செய்தால் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி, எண்ணிக்கை சரியாகத் தெரிந்தாலும் இடம் பல மீட்டர் தள்ளிப் பதியும். மைதானத்தின் நடுவில் நின்று செய்யுங்கள். துறைமுகம், மணலி சுத்திகரிப்பு ஆலை, வடசென்னை அனல் மின்நிலையம் எல்லாம் உள்ள பகுதி இது. எந்த மைதானமானாலும், ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று நிறம் பிரித்துக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அதன் நிறத்தைப் பார்த்த பிறகே பெட்டியைத் திறங்கள்.

இப்படிக்கு,
ட்ரோன் கட்டும் நண்பர்கள் சிலர்,
திருவொற்றியூர், சென்னை