உளி உள்ளே, குழாய் வெளியே: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்பின் தம்பிக்கு,

வெள்ளவத்தை வீட்டின் பின்னறையை வேலைத்தளமாக்கி நீர் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். எட்டடிக்குப் பத்தடி அறை. சுவர் முழுக்க ஓட்டைப் பலகை அடித்து, உளி, அரம், சீவுளி எல்லாவற்றையும் உயர வரிசையில் தொங்கவிட்டிருக்கிறீர். தூசி உறிஞ்சும் வக்கூம் மேசைக்கு அடியில். அதன் குழாய் கதிரைக்குப் பின்னால் சுருண்டு கிடக்கிறது, முனைகளும் இணைப்புகளும் ஒரு ஷொப்பிங் பைக்குள். இதை அப்படியே தலைகீழாக மாற்றும். உமக்குச் சொல்வது இன்னும் நாலு பேருக்கு உதவும் என்பதால்தான் எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

காரணம் உமது வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கடல். உப்புக்காற்று இரும்பில் படியும், உப்பு ஈரத்தை இழுக்கும், அதற்கு மேல் படிகிற மரத்தூள் அந்த ஈரத்தைக் காயவிடாது. கீழ்வரிசை உளி ஒன்றை எடுத்து அதன் தட்டையான முதுகை விரலால் வழித்துப் பாரும். தூள் போன இடத்தில் மிளகை விடச் சின்னதாகப் பழுப்புப் புள்ளிகள் தெரியும். கறள் அப்படித்தான் தொடங்கும். அந்தப் புள்ளி கூர்முனையில் விழுந்தால் எத்தனை தரம் தீட்டினாலும் அந்த இடம் பொரிந்துகொண்டே இருக்கும்.

ஆகவே திறந்த பலகை பிளாஸ்டிக்குக்கு. குழாய், முனை, இணைப்பு, பிளாஸ்டிக் க்ளாம்ப் இவற்றை அதில் மாட்டும். உருக்குச் சாமான் கதவுள்ள அலுமாரிக்குள், லாச்சிக்குள் போகட்டும். லாச்சியின் உள்ளுயரம் 5 முதல் 7 சென்ரிமீற்றர் போதும். அதற்கு மேல் ஆழம் இருந்தால் ஒன்றுக்கு மேல் ஒன்று அடுக்கத் தொடங்குவீர், அடியில் கிடப்பது ஆறு மாதம் வெளிச்சம் காணாது. அலுமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதேயும். மே மாதத்தில் தென்மேல் பருவ மழை தொடங்கினால் அந்தச் சுவர் ஈரம் விடும், 5 சென்ரிமீற்றராவது இடைவெளி வேண்டும். தோல் உறையும் வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். தையல் மெஷின் எண்ணெய் தொட்ட சீலையால் ஒருதரம் துடைத்து வைத்தால் போதும்.

இனி தூசி. நான் அதிகம் சொல்ல வேண்டியது இதைப் பற்றித்தான்.

வாளில் இருந்து கொட்டுகிற தூளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது நிலத்தில் விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத, 10 மைக்ரோனுக்குக் (மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு) குறைந்த தூசிதான் நெஞ்சுக்குள் போவது. வேலை முடிந்து மணித்தியாலக் கணக்காக அது காற்றில் நிற்கும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் மரத்தூசியை 1995இலேயே மனிதருக்குப் புற்றுநோய் தருபவற்றின் முதலாம் வகுப்பில் சேர்த்துவிட்டது. நீர் வெட்டுகிற, மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையின் பசையில் இருந்து வரும் ஃபோர்மல்டிஹைட்டும் அதே வகுப்புத்தான். அதனால் தேய்க்கும்போது சீலிங் ஃபானை நிறுத்தும், அது தூசியை விழவிடாமல் சுழற்றிக்கொண்டே இருக்கும். தும்புத்தடியால் கூட்டவும் வேண்டாம். சீலை மாஸ்க் இதற்கு உதவாது, என்95 வேண்டும்.

உமது வக்கூமுக்கு முன்னால் ஒரு சைக்ளோன் வாளி கட்டாயம். அதன் மூடியில் இருக்கும் பிளாஸ்டிக் கூம்பு காற்றைச் சுழற்றி, தூளை வக்கூமுக்குப் போகவிடாமல் வாளிக்குள் விழுத்தும். பழைய சோனகத் தெருப் பக்கம் போனால் பிளாஸ்டிக் கூம்பைத் தவிர மற்றதெல்லாம் ஒரே நடையில் வாங்கலாம். 20 லீற்றர் பெயின்ட் வாளி இரண்டு, மூடி ஒன்று, 12 மில்லிமீற்றர் ப்ளைவூட் துண்டு, இறப்பர் பட்டி, சிலிக்கன் ஒரு டியூப். ப்ளைவூட்டை வட்டமாக வெட்டி மூடியின் உட்பக்கம் வைத்து, கூம்பு, மூடி, ப்ளைவூட் மூன்றையும் சேர்த்து போல்ட் பூட்டும். கூம்பின் விளிம்பைச் சுற்றி சிலிக்கன் இழுத்து ஒரு நாள் முழுக்கக் காயவிடும். ஒரு வாளியை மற்ற வாளிக்குள் இறக்கி வைக்கும். ஏன் இரண்டு என்றால், குழாய் வாயில் ஒரு சீவல் துண்டு அடைத்துக்கொண்டால் வக்கூம் வாளியின் காற்றை உறிஞ்சிவிடும். ஒற்றை வாளி ‘டொக்’ என்று உள்ளே மடங்கி, மூடி கிளம்பிவிடும். ஒருதரம் மடங்கின வாளியின் வாய் பிறகு சரியான வட்டத்துக்கு வராது.

சைக்ளோனைக் கெடுப்பது ஓட்டை. மூடி விளிம்பில் நூலளவு வெளிக்காற்று நுழைந்தாலும் அடியில் படிந்த தூள் கிளம்பி நேரே வக்கூம் ஃபில்டருக்குப் போய்விடும். வக்கூமை ஓடவிட்டு, மூடி விளிம்பைச் சுற்றி முகப்பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவும். எந்த இடத்தில் பவுடர் உள்ளே இழுபடுகிறதோ அங்கே இறப்பர் பட்டி சரியாக உட்காரவில்லை. வாளி மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் கொட்டிவிடும். ஒரு வாளி நிரம்பும்போது வக்கூம் தொட்டிக்குள் ஒரு கைப்பிடிக்கு மேல் தூள் இருந்தால் எங்கோ காற்று நுழைகிறது.

ஃபில்டர் இரண்டு வைத்திருக்க வேண்டும். கழுவக்கூடிய ஃபில்டர் மழைக்காலக் கொழும்பில் ஒரு நாளில் காயாது. அரை ஈரத்தோடு போட்டால் தூசி அதில் களியாக அப்பிக்கொள்ளும், பிறகு எறிய வேண்டியதுதான்.

அந்த ஷொப்பிங் பை விஷயத்துக்கு வருகிறேன். மரம் தேய்க்கும் சாண்டருக்கு ஒரு வாய், மரத்தில் பள்ளம் வெட்டும் ரவுட்டருக்கு ஒரு வாய், வட்ட வாளுக்கு இன்னொரு வாய், எதுவும் எதோடும் பொருந்தாது. ஒவ்வொரு தரமும் இணைப்பைத் தேடி மாட்ட வேண்டியிருந்தால், ‘ரெண்டு வெட்டுத்தானே’ என்று குழாய் இல்லாமலே வெட்டிவிடுவீர். அதனால் குழாய் முனைக்கு ஒரே அளவைத் தீர்மானித்து, ஒவ்வொரு மெஷினிலும் அதற்கான இணைப்பை நிரந்தரமாகப் பூட்டி வையும். மெஷின் லாச்சிக்குள் போனாலும் இணைப்பு கழரக்கூடாது.

இணைப்பைக் கடையில் தேடி அலையவும் தேவையில்லை. பிவிசி பைப்பில் நீரே செய்யலாம். நம்முடைய கடைகளில் இரண்டு இஞ்சிப் பைப் என்பது 63 மில்லிமீற்றர், ஒன்றரை இஞ்சி என்பது 50. இரண்டும் வெளிவிட்டம், உள்விட்டம் இல்லை. வெர்னியர் அளவுகோலால் மெஷினின் வாயை விளிம்பில் ஒருதரம், 2 சென்ரிமீற்றர் உள்ளே ஒருதரம் அளவும், பெரும்பாலான வாய் உள்ளே போகப் போகக் குறுகும். பைப் துண்டின் நுனியைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் பிடித்தால் இளகும். தடித்த சீலையால் பிடித்து வாயில் அழுத்தி, ஈரச் சீலை சுற்றி ஆறவிடும். சூட்டுக்காற்று ஊதும் ஹீட் கன் என்றால் நிறம் மாறும் வரை சூடாக்காதேயும், கருகின பிவிசியின் புகை நஞ்சு. குழாயை 63இல் இருந்து 32க்குச் சுருக்கினால் காற்று போகும் வழி நாலில் ஒன்றாகிவிடும். சாண்டருக்கு அது பரவாயில்லை, வாளுக்குக் காணாது. குழாயின் நீளமும் 3 மீற்றரைத் தாண்ட வேண்டாம்.

கரண்டையும் கவனியும். 13 அம்பியர் ப்ளக் 230 வோல்ற்றில் தாங்குவது ஏறத்தாழ 3,000 வாட். 1,400 வாட் வாளும் 1,200 வாட் வக்கூமும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போனால் மிச்சம் அதிகம் இல்லை, சுருளை முழுக்க அவிழ்க்காமல் ஓட்டினால் வயர் சூடேறும். வட்டக்கால் ப்ளக்கை அடாப்டரில் செருகி ஓட்டுகிற பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடும். இரும்பு அரைக்கும் கிரைண்டரை இந்த வக்கூமோடு ஒருபோதும் பூட்டக்கூடாது. ஒரு தீப்பொறி வாளித்தூளுக்குள் கிடந்து, நீர் கதவைச் சாத்திப் படுத்த பிறகும் கனன்று எரியும்.

சாண்டர், ரவுட்டர் இரண்டின் வாய் அளவுகளையும் எடுத்து அனுப்பும். எந்தப் பைப்பை எவ்வளவு நீளத்தில் வெட்டுவது என்று கீறி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணன்