விடியற்காலைக்கு மட்டும் ஒரு லைசென்ஸ் கொடுங்கள்

போக்குவரத்துத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் கணவர் குடித்துவிட்டு வண்டி ஓட்டி இரண்டு முறை மாட்டியவர். முதல் முறை 10,000 ரூபாய், இரண்டாம் முறை 15,000, கூடவே லைசென்ஸ் ஒரு வருஷத்துக்கு முடக்கம். தப்பு அவருடையதுதான். பிளாட்பாரத்தில் தூங்குகிறவர் மேல் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நானும் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

எங்களுக்குப் பிழைப்பு ஒரு குட்டி யானை லோடு வண்டி. விடியற்காலை 3 மணிக்குக் கோயம்பேட்டில் காய்கறி ஏற்றினால் 11 மணிக்குள் கடைகளில் இறக்கிவிட்டு வண்டியை நிறுத்திவிடலாம். இப்போது ஆக்டிங் டிரைவர் ஓட்டுகிறார், இவர் சொந்த வண்டியிலேயே லோடுமேனாகப் பக்கத்து சீட்டில் போகிறார், சம்பளம் போக மிஞ்சுவது வண்டி டியூவுக்கே பத்தவில்லை. போன வாரம் அந்த டிரைவர் ராத்திரி அடித்த வாடையோடு வந்து சாவியைக் கேட்டார். அவர் லைசென்ஸ் செல்லும்! நாலு மாசமாகச் சொட்டுக்கூடத் தொடாத இவருடையதுதான் செல்லாது. இவர் சாவியைத் தரவில்லை, லோடும் போகவில்லை, கடைக்காரரிடம் வாங்கிய வசவுதான் அன்றைய வரும்படி.

நான் கேட்பது இதுதான்: 3 மணியிலிருந்து 11 மணி வரை, இந்த ஒரு வண்டியை மட்டும் ஓட்ட அனுமதி. தினமும் கிளம்பும் முன் ஊதிக் காட்டச் சொல்லுங்கள். சட்டம் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் சாராயம் வரை விடுகிறது, இவருக்குப் பூஜ்யம் என்றே வையுங்கள். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் மாட்டியவர்களின் வண்டியில் ஒரு கருவி பூட்டுகிறார்கள், ஊதினால்தான் வண்டி கிளம்பும், சாராயம் தெரிந்தால் கிளம்பாது. இங்கே அதற்கு வழி செய்தால் கடன் வாங்கியாவது பூட்டிக்கொள்கிறோம்.

11 மணி என்று சும்மா சொல்லவில்லை, டாஸ்மாக் 12 மணிக்குத்தானே திறக்கிறது. கடையும் அரசாங்கத்துடையது, பக்கத்தில் பாரும் உண்டு, பார் வாசலில் வரிசையாக பைக் நிற்கும், அதே அரசாங்கம் ராத்திரி அடுத்த திருப்பத்தில் மெஷினை நீட்டி ஊது என்கிறது. குடித்தவர்கள் எல்லாரும் பறந்தா வீட்டுக்குப் போவார்கள்? சரி, அது உங்கள் துறை இல்லை, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள்.

காலை நேர அனுமதி மட்டும் தாருங்கள், தயவுசெய்து. ஒரு நாள் மீறினாலும் லைசென்ஸையும் வண்டிச் சாவியையும் நானே கொண்டுவந்து உங்கள் மேஜையில் வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு லோடு வண்டிக்காரரின் மனைவி