ராரிட்டன் விரிகுடாவில் பங்குனி மீன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூ ஜெர்சியின் ராரிட்டன் விரிகுடாவில் ஸ்ட்ரைப்ட் பாஸ் மீனுக்கான குளிர்காலத் தடை மார்ச் 1 அன்று நீங்குகிறது. கீபோர்ட், யூனியன் பீச், கிளிஃப்வுட் பீச் கரைகளில் தூண்டிலோடு நிற்பவர்களில் நம்மவர்களும் உண்டு. ஊரில் கொடுவா பிடித்துப் பழகியவர்களுக்கு இந்த மீன் தெரிந்த மீன் போலவே இருக்கும். ஆனால் குளிர்நீரில் அந்தப் பழக்கங்கள் சில கைகொடுக்காது, சில மீனைக் கொன்றுவிடும்.

முதலில் நேரம். விடியற்காலையே நல்லது என்பது கோடைக்குத்தான் பொருந்தும். மார்ச்சில் நீர் 5, 6 டிகிரி செல்சியஸில் கிடக்கும். 7 டிகிரியைத் தாண்டினால்தான் மீன் ஊக்கமாக இரை தேடும். விரிகுடாவின் தென்கரையில் ஆழம் குறைவு, அடியில் கருஞ்சேறு. தொடர்ந்து இரண்டு மூன்று நாள் வெயில் அடித்தால் சேறு சூடேறி, மேலே நிற்கும் நீரையும் சூடாக்கும். பிற்பகலில் நீர் வற்றும்போது ஓடை வாய்கள் வழியாக அந்த வெதுவெதுப்பான நீர் வெளியேறும். மீன் அங்கேதான் வந்து நிற்கும். ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசமே போதும். பிற்பகல் வற்றம் அமையும் நாளைப் பார்த்துப் போங்கள். வடகிழக்குக் காற்று குளிர்ந்த கடல்நீரை உள்ளே தள்ளும். அன்று போகாமல் இருப்பதே மேல்.

9 அல்லது 10 அடிக் கோல், 30 பவுண்டு பின்னல் நரம்பு போதும். நரம்பில் முதலில் ஓடும் ஈயம் (3 முதல் 4 அவுன்ஸ்), பிறகு ஒரு பாசிமணி, பிறகு சுழலி (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் இணைப்பு). சுழலிக்குக் கீழே 40 பவுண்டுத் தங்கூசி ஒன்றரை முதல் இரண்டு அடி, அதன் முனையில் 5/0 அல்லது 6/0 அளவு வட்டமுள் (கூர் உள்நோக்கி வளைந்த சர்க்கிள் ஹூக்). தங்கூசி நீளமானால் மீன் இழுப்பது கைக்குத் தெரியுமுன் முள் வயிற்றுக்குள் போய்விடும். இரைக்கு ரத்தப்புழு அல்லது கிளிஞ்சல் சதை. ரத்தப்புழுவை நன்னீரில் போட்டால் செத்துவிடும். ஈரமான கடற்பாசியில் சுற்றிக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். தலைப்பக்கம் நான்கு பற்கள் உண்டு, கடிக்கும்.

இயற்கை இரை வைத்து இந்த மீனைப் பிடிக்க வட்டமுள்தான் பயன்படுத்த வேண்டும் என்பது 2021 முதல் சட்டம். முள்ளின் கூர் பக்கவாட்டில் வளைந்திருக்கக் கூடாது. மேசைமேல் படுக்க வைத்துப் பாருங்கள். கூர் தூக்கி நின்றால் அந்த முள் வேண்டாம். இரையை விழுங்கிய மீன் திரும்பி நகரும்போது நரம்பு இறுகி, முள் தொண்டையிலிருந்து வழுக்கி வந்து வாயோரத்தில் மாட்டும். மீன் இரையைக் கடித்ததும் சுண்டி இழுப்பது நமக்குக் கைவந்த பழக்கம். வட்டமுள்ளில் சுண்டினால் மீன் தப்பிவிடும். கோல் தானாக வளையும்வரை பொறுத்து, பிறகு நிதானமாகச் சுற்றினால் போதும். இரையைத் திணித்து முள்ளின் வாயை அடைத்துவிட்டாலும் மாட்டாது. நாள் முழுக்கக் கடித்தும் ஒன்றும் ஏறவில்லை என்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

2023 முதல் ஒருவர் நாளொன்றுக்கு ஒரு மீன்தான் எடுக்கலாம், அதுவும் 28 முதல் 31 அங்குலத்துக்குள். வாயை மூடி, மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை அளக்க வேண்டும். இதைவிடப் பெரிய மீனை விடச் சொல்வது பலருக்கு மனம் ஒப்பாது. ஆனால் வசந்தத்தில் வரும் அந்தப் பெரிய மீன்களில் பெரும்பாலானவை சினை நிறைந்த பெட்டைகள். பல ஹட்சன் ஆற்றில் ஏறி முட்டையிடும். பெரிய பெட்டை ஒன்று பல லட்சம் முட்டைகள் இடும். 1980களில் இந்த மீனின் எண்ணிக்கை பெரிதும் சரிந்து, 1984இல் தனிச் சட்டம் வந்து, 1995இல்தான் மீண்டதாக அறிவிக்கப்பட்டது. 2019இல் மறுபடியும் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதாகக் கணக்கு வந்தது.

விடும் மீனைக் காய்ந்த மணலில் போடாதீர்கள், மேல்வழவழப்பு போய்விடும். கையை நனைத்து, வயிற்றுக்கு அடியில் தாங்கிப் பிடியுங்கள். தாடையில் தொங்கவிட்டுப் படம் எடுக்கவோ, செவுளுக்குள் விரல் விடவோ வேண்டாம். முள் ஆழத்தில் இருந்தால் தோண்டாமல் நரம்பை அறுத்து விடுங்கள். கைப்பிடிக் கொக்கியால் (gaff) குத்தித் தூக்குவது சட்டப்படி குற்றம்.

கடைசியாகச் சமையல். இந்த நீர்நிலைகளின் மீன் கொழுப்பில் பிசிபி என்னும் நச்சு சேர்ந்திருப்பதால், எவ்வளவு உண்ணலாம் என்று மாநில அரசு அறிவுரை வெளியிடுகிறது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கட்டுப்பாடு இன்னும் கடுமை. தலையும் வயிற்றுத் துண்டும் போட்டுக் குழம்பு வைத்தால் கொழுப்பு முழுவதும் குழம்பிலேயே நின்றுவிடும். தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் பக்கவாட்டுக் கருஞ்சதையையும் நீக்கி, கொழுப்பு வடியும்படி வாட்டுவதே சரி.

பதினாறும் அதற்கு மேலும் வயதானவர்கள் மாநிலத்தின் கடல்மீன் பதிவேட்டில் பெயர் கொடுக்க வேண்டும், கட்டணம் இல்லை. அளவும் எண்ணிக்கையும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. ஒவ்வொரு பிப்ரவரிக் கடைசியிலும் அந்த ஆண்டின் விதிகளை உங்கள் நாளிதழ் தமிழில் ஒரு சிறு கட்டமாக வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
எடிசன், நியூ ஜெர்சி