குதிரைத் தீவனத்தை இனி ஏன் அரைத்துத் தருவதில்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை முடிந்த கையோடு எங்கள் கடைக்குப் புது முகங்கள் வரும். வீட்டில் ஏற்கெனவே பத்திருபது ஆடு நிற்கும். சந்தையில் ஆசைப்பட்டு ஒரு குதிரையையும் பிடித்து வந்திருப்பார்கள். "ஆட்டுக்கு அரைக்கிறதுலயே ஒரு மூட்டை சேர்த்துப் போட்டுருங்கண்ணா, அதுவும் புல்லு திங்கிற சாதிதானே" என்பார்கள். நாங்களும் போட்டுக் கொடுத்திருக்கிறோம். இந்த மாதம் முதல் கொடுப்பதில்லை. பலர் கோபித்துக்கொண்டதால் இந்த மடல்.

போன தை மாதம் ஒரு பழைய வாடிக்கையாளர் விடியற்காலையில் போன் செய்தார். பெட்டைக் குதிரை தாழியில் வாய் வைக்கவில்லை, நின்ற இடத்திலேயே வேர்த்துக் கொட்டுகிறது, பின்னங்கால் தள்ளாடுகிறது என்றார். வந்து பார்த்த மருத்துவர் முதலில் கேட்டது, "கோழித் தீவனம் எதுவும் கலந்துச்சா?" அவர் கலக்கவில்லை. மீதி மூட்டையைக் களத்தில் கொட்டிப் பார்த்தபோது மக்காச்சோளக் குருணைக்கு நடுவே கறிக்கோழித் தீவனம் கண்ணுக்கே தெரிந்தது. முந்தின நாள் மாலை எங்கள் மிக்ஸரில் கோழித் தீவனம் ஓடியிருந்தது. அடியில் தங்கியதைக் கூட்டி எடுக்காமலே பையன் அடுத்த லோடைப் போட்டிருக்கிறான். தப்பு எங்களுடையது. குதிரை பிழைத்தது, ஆனால் இதயத்தில் அடிபட்டிருக்கும், இனி ஓட்டவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மூட்டைப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அது ஈடாகாது என்று எங்களுக்கும் தெரியும்.

கோழிக்கு வரும் ரத்தக் கழிச்சலைத் தடுக்க, கறிக்கோழித் தீவனத்தில் பெரும்பாலும் மோனென்சின், சாலினோமைசின் மாதிரி ஒரு மருந்து கலந்திருக்கும். மோனென்சின் என்றால் டன்னுக்கு 100 கிராம் அளவு. கோழிக்கு அது ஒன்றும் செய்யாது. ஆடும் ஓரளவு தாங்கும். குதிரைக்கோ உடல் எடையில் கிலோவுக்கு 2, 3 மில்லிகிராம் மோனென்சின் போனாலே உயிருக்கு ஆபத்து. கணக்குப் போட்டால், 300 கிலோ குதிரைக்கு அந்தத் தீவனம் ஆறு கிலோ போதும். முறிவு மருந்து கிடையாது. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது போனதுதான். அதனால் குதிரைக்கு இனி முழுத் தானியமாகவே தருகிறோம். கொள்ளு, பார்லி, மக்காச்சோளம் எல்லாம் பச்சைச் சணலால் வாய் தைத்த தனிச் சாக்கில் வரும். உடைத்துத்தான் வேண்டுமென்றால் வீட்டில் உடைத்துக்கொள்ளுங்கள். கொள்ளை ராத்திரி ஊறவைத்து, காலையில் வேகவைத்துக் கொடுங்கள். குதிரையின் இரைப்பை உடம்புக்குச் சின்னது, பத்துப் பதினைந்து லிட்டர்தான் பிடிக்கும். தானியத்தை ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்றாகப் பிரித்து வையுங்கள்.

"தவிடாவது போடலாமே" என்று கேட்கிறீர்கள். கையளவு போடலாம். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. தினமும் கூடைகூடையாகத் தவிடு தின்னும் குதிரைக்கு எலும்பிலிருந்தே சுண்ணாம்பு இறங்கி, முகத்தெலும்பு வீங்கும், நொண்டும். கோ-4 மாதிரியான நேப்பியர் புல்லை மட்டுமே வெட்டிப் போட்டாலும் இதே கதை. அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. ஆட்டுக்கு நல்ல தீவனம், குதிரைக்கு அதுவே முழுச் சாப்பாடாகக் கூடாது. அருகம்புல், காய்ந்த கடலைக்கொடி, குதிரைமசால் சேர்த்துப் போடுங்கள். குதிரைமசாலுக்கு அந்தப் பேர் சும்மா வரவில்லை. கடலைக்கொடியில் பூஞ்சணம் பிடித்திருந்தால் மட்டும் எதற்கும் போட வேண்டாம், குப்பைக்குழிக்குப் போகட்டும்.

சவுண்டல் (சூபாபுல்) மரத்துத் தழையும் அப்படித்தான். ஆடு மற்ற தழையோடு சேர்த்து மூன்றில் ஒரு பங்கு வரை தின்று செரித்துவிடும். குதிரைக்குப் பிடரி முடியும் வால் முடியும் கொத்துக்கொத்தாகக் கொட்டிவிடும். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை அனுப்புகிற ஒருவர் இதை எங்களிடம் வால் முடியோடு வந்து காட்டினார்.

ஆட்டுக்காரர்களுக்கு வேறு பயம். ஆடு சாகிறது பட்டினியால் குறைவு, அளவு மீறித் தின்றுதான் அதிகம். ராத்திரி கயிறு அவிழ்த்துக்கொண்டு போய் ரேஷன் அரிசி மூட்டையைக் கிழித்த ஆடு, கல்யாண வீட்டு மீதிச் சோற்றை அண்டாவோடு தின்ற ஆடு, மறுநாள் வயிறு உப்பிப் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு படுத்துக்கிடக்கும். தண்ணீர் மாதிரி கழியும். வயிற்றில் புளிப்பு ஏறிய அறிகுறி அது. உடனே 1962க்குப் போன் போட்டு நடமாடும் மருத்துவ வண்டியை வரச் சொல்லுங்கள். வளர்ந்த ஆட்டுக்கு ஒரு நாளைக்கு அடர்தீவனம் 200, 250 கிராம் போதும். புதிதாகப் பழக்கும்போது 50 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றுங்கள். மழைக்கு முன் துள்ளுமாரி நோய்க்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள். வாடிய இளஞ்சோளக் காட்டுக்குள் ஆட்டை விடாதீர்கள், குதிரையையும்தான். பூ எடுக்கிற வரை அதில் நஞ்சு நிற்கும்.

கடையில் இனி "எந்த உருப்படிக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் எடை போடுவோம். நேரமாகிறது என்று சலித்துக்கொள்ள வேண்டாம். குதிரைக்கென்று தை மாதத்திலிருந்து எங்களிடம் அரைத்து வாங்கிய மூட்டை மீதி இருந்தால், பிரித்ததோ பிரிக்காததோ, கொண்டு வாருங்கள். அதே எடைக்குக் கொள்ளு தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் தீவனக் கடை

பி.கு.: பழைய கோழித் தீவனச் சாக்கைக் கழுவி அதில் கொள்ளு வாங்கிக்கொள்கிறோம் என்று இருவர் வந்தார்கள். மன்னிக்கவும், அதில் போட மாட்டோம். காலிச் சாக்கு கடையிலேயே இருக்கிறது, காசு வேண்டாம்.