பொது இடத்தில் பாத்தி கட்டலாமே

ஆசிரியருக்கு,

மாடித் தொட்டியில் நான் விதைக்கும் சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடுகிறது. வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, அலசினால் நேரே சட்டிக்குத்தான். கடையில் வாங்கும் கட்டோ மதியத்துக்குள் துவண்டுவிடுகிறது. சரி, மாடிக்கு ஏற அனுமதியில்லாத வாடகைக் குடும்பங்கள் என்ன செய்யும்?

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலை போக 10 சதவீத இடத்தைப் பொதுவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. எங்கள் பகுதியில் அந்த இடத்தில் பார்த்தீனியமும் உடைந்த செங்கல்லும்தான் மண்டிக் கிடக்கின்றன. அதில் ஒரு மூலையை, முதலில் மண்ணைப் பரிசோதித்து, வீட்டுக்கு ஒரு பாத்தியாக மாநகராட்சி பிரித்துத் தரட்டும். ஒரு தண்ணீர்க் குழாய், ஆடு மாடு நுழையாமல் ஒரு வேலி. விதையை நாங்களே கொண்டுவருகிறோம்.

- ஒரு வாசகி, சென்னை